உபுண்டு 24.04-க்கு மாறியாச்சு, அப்புறம்? (கேள்வி பதில்)

எங்கள் ஆபீஸ் கணினிகளை உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) 22.04-லிருந்து 24.04-க்கு மாற்றி, திட்டு வாங்கி முடித்தவன் என்பதுதான் என் தகுதி. கேளுங்கள்.

அண்ணா, ரெண்டாவது மானிட்டர் வரவே இல்லை. முதல் மானிட்டரில் எழுத்தெல்லாம் பூதாகாரமா தெரியுது. என்விடியா கார்டு.

டெர்மினலில் என்விடியா-எஸ்எம்ஐ (nvidia-smi) என்று அடித்துப் பாருங்கள். டிரைவரோடு பேச முடியவில்லை என்று வந்தால், முதலில் செக்யூர் பூட்டைத்தான் (கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் பாதுகாப்பு) சந்தேகப்படுவேன். புது கெர்னலுக்காக (இயங்குதளத்தின் மையப்பகுதி) உங்கள் கணினியிலேயே கம்பைல் ஆகும் டிரைவருக்குக் கையொப்பம் வேண்டும். அந்தக் கையொப்பச் சாவியைக் கணினியில் பதிவு செய்யாவிட்டால் கெர்னல் டிரைவரை உள்ளே விடாது. மேம்படுத்தும்போது நடுவில் ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லியிருக்குமே? ரீபூட்டில் ஒரு நீலத்திரை வந்து பத்து விநாடி காத்திருக்கும். அதில் 'என்ரோல் மோக்' (Enroll MOK, அந்தச் சாவியைப் பதிவு செய்வது) கொடுத்து அதே பாஸ்வேர்டை அடித்திருக்க வேண்டும். நீங்கள் டீ குடிக்கப் போயிருப்பீர்கள், நானும் போனேன்.

எளிய வழி: டிகேஎம்எஸ் (கணினியிலேயே டிரைவரைக் கம்பைல் செய்யும் ஏற்பாடு) பெயரில் இருக்கும் என்விடியா பேக்கேஜை நீக்கிவிட்டு, சூடோ (நிர்வாகி அனுமதி) போட்டு 'உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்' (sudo ubuntu-drivers install) கொடுங்கள். உபுண்டுவே கையொப்பமிட்டுத் தரும் டிரைவர் இறங்கும், நீலத்திரைத் தொல்லை இல்லை.

பழைய வென்வ் (பைத்தான் பேக்கேஜ்களுக்கான தனி அறை) எதுவும் ஓடவில்லை. நேரடியாக பிப் (பேக்கேஜ் நிறுவும் கருவி) போட்டாலும் மறுக்கிறது சார்.

பைத்தான் 3.10 போய் 3.12 வந்துவிட்டது. வென்வை ஒட்டுப்போடாதீர்கள், புதிதாக உருவாக்குங்கள். ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பு (பேக்கேஜ் பட்டியல்) எழுதிவைக்கவில்லையா? பழைய வென்வை அழிக்குமுன் அதன் சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டரைத் திறங்கள்; 'டிஸ்ட்-இன்ஃபோ' என முடியும் ஃபோல்டர் பெயர்களில் பேக்கேஜும் பதிப்பு எண்ணும் அப்படியே இருக்கும். டிஸ்ட்யூட்டில்ஸ் (3.12-ல் நீக்கப்பட்ட பைத்தான் பகுதி) இல்லை என்று அழுதால், வென்வுக்குள் செட்அப்டூல்ஸ் போடுங்கள். சிஸ்டத்தின் பைத்தானைக் கெடுக்கக் கூடாதென்றுதான் பிப் மறுக்கிறது. அப்போது 'பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' என்று ஒரு வழி காட்டும். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது, வேண்டாம்.

ஆப்இமேஜ் கோப்பை (நிறுவாமலே ஓடும் ஒற்றைக்கோப்பு மென்பொருள்) டபுள் கிளிக் பண்ணினா சத்தமே இல்லை.

அது ஓடத் தேவையான 'லிப்ஃபியூஸ்2டி64' (libfuse2t64) பேக்கேஜை நிறுவுங்கள். 2038-ஆம் ஆண்டு நேரச் சிக்கலுக்காக (பழைய 32-பிட் நேரக் கணக்கு அந்த ஆண்டில் தீர்ந்துவிடும்) செய்த மாற்றத்தில் பழைய பெயரோடு டி64 ஒட்டிக்கொண்டது. வெறும் 'ஃபியூஸ்' பேக்கேஜைப் போட்டுவிடாதீர்கள், அது ஃபியூஸ்3-ஐக் கழற்றி டெஸ்க்டாப்பையே ஆட்டங்காண வைக்கும்.

குரோமுக்கு அப்டேட் வருவதில்லை.

மேம்படுத்தும்போது குரோமுடையது போன்ற வெளி ரெபோக்களை (மென்பொருள் கிடங்குகள்) உபுண்டு முடக்கிவிடும். 'சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்' போய் 'அதர் சாஃப்ட்வேர்' பக்கத்தில் மறுபடி டிக் செய்யுங்கள்.

பேசாமல் 22.04-க்கே திரும்பிவிடலாமா?

பின்னோக்கிப் போகும் வழி கிடையாது. ஹோமை (உங்கள் கோப்புகள் இருக்கும் ஃபோல்டர்) பேக்கப் எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும். மானிட்டர் பிரச்சினைக்காகவா அவ்வளவும்?