அமெரிக்க மாநில அரசுத் துறைகள் இனச் சமத்துவத்தை நடைமுறையில் எப்படிக் கொண்டுவருகின்றன?

வாஷிங்டன் மாநிலத்தைப் பாருங்கள். 2020-இல் சட்டம் போட்டு, சமத்துவத்துக்கென்றே தனி அலுவலகம் அமைத்தார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2021-இன் ஹீல் (HEAL) சட்டம், அதாவது 'அனைவருக்கும் ஆரோக்கியமான சுற்றுச்சூழல்' சட்டம். சுற்றுச்சூழல், சுகாதாரம், போக்குவரத்து உட்பட 7 அரசு அமைப்புகள் பெரிய முடிவெடுக்கும் முன் யாருக்குப் பாதிப்பு என்று ஆராய்ந்தாக வேண்டும். சுற்றுச்சூழல் நன்மைக்கான செலவில் 40 சதவீதம், மாசாலும் வறுமையாலும் அதிகம் அடிபட்ட மக்களுக்குப் போக வேண்டும் என்பது இலக்கு.

சரி, அந்தப் பகுதிகளை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு ஒரு வரைபடம் இருக்கிறது. டீசல் புகை, வறுமை, இனம் என்று பலவற்றைச் சேர்த்து ஒவ்வொரு வட்டாரத்துக்கும் 1 முதல் 10 வரை தரம் போடுகிறார்கள்.

நம்ம ஊர் இடஒதுக்கீடு போல என்று நினைத்துவிடாதீர்கள். அரசு வேலை, ஒப்பந்தம், கல்வியில் இன முன்னுரிமைக்கு அங்கே 1998 வாக்கெடுப்பிலேயே தடை போட்டுவிட்டார்கள். 2019-இல் அதைத் தளர்த்தப் பார்த்தும் வாக்காளர்கள் சம்மதிக்கவில்லை.