பிஎஸ்டி, எம்பாக்ஸ், இஎம்எல்: மாற்றும்போது அளவு ஏன் மாறுகிறது? கேள்வி பதில்

கேள்வி: அவுட்லுக்கின் 6 ஜிபி பிஎஸ்டி மெயில் கோப்பை, தண்டர்பேர்ட் போன்ற மெயில் மென்பொருள்கள் பயன்படுத்தும் எம்பாக்ஸ் வடிவத்துக்கு மாற்றினேன். 8 ஜிபியைத் தாண்டிவிட்டது. மெயில்கள் இரட்டிப்பாகிவிட்டனவா?

பதில்: அநேகமாக இல்லை. உங்கள் பெட்டியில் அட்டாச்மென்ட் நிறைய இருக்கும். பிஎஸ்டிக்குள் ஒரு பிடிஎஃப் தன் அசல் பைனரி வடிவத்திலேயே கிடக்கும். எம்பாக்ஸோ வெறும் உரைக் கோப்பு. வந்த மெயில் எப்படிப் பயணித்ததோ அப்படியே, பேஸ்64 (பைனரியை எழுத்துகளாக்கும் முறை) எழுத்துகளாகத்தான் அதில் இருக்கும். 3 பைட் 4 எழுத்தாகிறது. போதாததற்கு 76 எழுத்துக்கு ஒருமுறை வரி உடைகிறது, அதற்கு 2 பைட். ஆக 57 பைட் விஷயத்துக்கு 78 பைட் இடம், ஏறக்குறைய 37 சதவீதம் கூடுதல். 10 எம்பி பிடிஎஃப் 13.7 எம்பி ஆகும். 6 ஜிபி முழுக்க அட்டாச்மென்டாக இருந்தால் 8.2 ஜிபி. 'மாற்றினாலும் அளவு மாறாது' என்று ஒரு மென்பொருள் விளம்பரம் செய்தால் சிரித்துவிட்டுக் கடந்துபோங்கள்.

கேள்வி: அப்படியானால் எம்பாக்ஸிலிருந்து பிஎஸ்டிக்குப் போனால் சுருங்கும்தானே சார்?

பதில்: அட்டாச்மென்ட் உள்ளவை சுருங்கும். இரண்டு வரி மெயில்களே ஆயிரக்கணக்கில் இருந்தால் கூடவும் செய்யும். பிஎஸ்டி ஒவ்வொரு மெயிலுக்கும் அனுப்பியவர், பெறுநர், தேதி, பொருள் எல்லாவற்றையும் தனித்தனிப் பண்புகளாகப் பிரித்து எழுதுகிறது. மெயிலோடு வந்த தலைப்புவரிகளை (ஹெடர்) முழுசாக இன்னொரு பிரதியும் வைத்துக்கொள்கிறது. உரை யூடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் இருப்பதால் ஆங்கில எழுத்துக்குக்கூட 2 பைட்.

கேள்வி: எங்களுடையது பெரும்பாலும் தமிழ் மெயில்கள். அதே கணக்குதானா?

பதில்: இல்லை, தமிழுக்குக் கணக்கே தலைகீழ். 'வணக்கம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளிகளையும் சேர்த்தால் யூனிகோடில் 7 குறிகள். பிஎஸ்டியில் 14 பைட். மெயில்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் யூடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 வீதம் 21. அதையே அனுப்பியவரின் மென்பொருள் பேஸ்64 ஆக்கியிருந்தால் 28. கோட்டட் பிரிண்டபிள் முறையில் போயிருந்தால் ஒவ்வொரு பைட்டும் ஒரு சமக்குறியும் இரண்டு எழுத்துமாக விரிந்து 63! நீண்ட தமிழ்க் கடிதங்களை எம்பாக்ஸிலிருந்து பிஎஸ்டிக்கு மாற்றும்போது கோப்பு பாதிக்கும் கீழே போனால் பதற வேண்டாம்.

கேள்வி: பாதி மெயிலை அழித்தும் பிஎஸ்டி அளவு குறையவில்லை. புதிய கோப்புக்கு மாற்றியதும் குறைந்துவிட்டது. எதையாவது விட்டுவிட்டதா?

பதில்: அழித்த இடம் கோப்புக்குள் காலியாகவே இருந்திருக்கிறது. அவுட்லுக்கில் 'காம்பாக்ட் நவ்' கொடுத்திருந்தாலும் குறைந்திருக்கும். தண்டர்பேர்டில் இதைவிடக் கவனம் தேவை. அங்கே அழித்த மெயிலுக்கு ஓர் அடையாளக் குறி மட்டும் விழும். மெயில் எம்பாக்ஸிலேயே இருக்கும். அந்தக் குறியைப் படிக்காத மாற்றி, எப்போதோ தூக்கிப்போட்டதையெல்லாம் உயிர்ப்பித்துக் கொண்டுவந்துவிடும். முதலில் ஃபோல்டர்களை காம்பாக்ட் செய்யுங்கள், பிறகு மாற்றுங்கள்.

கேள்வி: மெயிலுக்கு ஒன்று வீதம் இஎம்எல் கோப்புகளாகப் பிரித்தால் விண்டோஸ் இரண்டு அளவு காட்டுகிறதே?

பதில்: ஒன்று கோப்பின் உண்மையான அளவு, மற்றது வட்டில் அது பிடிக்கும் இடம். வட்டு வழக்கமாக 4 கேபி கட்டங்களாகத்தான் இடம் தரும். ஒன்றரை கேபி மெயிலும் ஒரு முழுக் கட்டத்தைப் பிடிக்கும்.

கேள்வி: ஜிமெயிலை ஐமேப் (மெயில் மென்பொருள் சர்வரிலிருந்து மெயிலைப் பெறும் முறை) வழியாக இறக்கினால் அங்கே காட்டியதைவிட மிக அதிகம்.

பதில்: லேபிள்கள்தான் காரணம். மூன்று லேபிள் ஒட்டிய மெயில் மூன்று ஃபோல்டர்களில் இறங்கும். 'அனைத்து அஞ்சல்' ஃபோல்டரில் நான்காவது முறையாக. கூகுள் டேக்அவுட்டில் (நம் தரவைத் தரவிறக்கும் கூகுள் சேவை) எல்லா அஞ்சலையும் ஒன்றாக எடுத்தால், மெயில் ஒருமுறைதான் வரும். லேபிள்கள் தலைப்புவரியில் இருக்கும்.

கேள்வி: அளவை நம்ப முடியாதென்றால் எதை வைத்துச் சரிபார்ப்பது?

பதில்: ஃபோல்டர் வாரியாக மெயில் எண்ணிக்கையை இரு பக்கமும் ஒப்பிடுங்கள். பிறகு பெரிய அட்டாச்மென்ட் சிலவற்றை இரண்டிலிருந்தும் தனியே சேமித்து ஹேஷ் (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) எடுத்து ஒப்பிடுங்கள். ஒரு பைட்கூட மாறியிருக்கக் கூடாது. பென்டிரைவில் வைப்பதானால் அது ஃபேட்32 என்ற பழைய வட்டு வடிவத்தில் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு அதில் ஏறாது.