வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டுத் திரும்பும் ஜப்பானியர்களுக்குத் தங்கள் சமூகம் வேறு மாதிரி தெரியுமா?

தெரியும், நன்றாகவே தெரியும். நான் குடும்பத்தோடு டோக்கியோவில் நிஷி-கசாயில் இருக்கிறேன். என் மகள் படிக்கும் அரசுப் பள்ளியில் எனக்குப் பழக்கமான ஒரு ஜப்பானிய அம்மா, கணவரின் வேலைக்காகச் சில வருடங்கள் சென்னையில் இருந்தவர். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பானியத் தொழிற்சாலைகள் இருப்பதால் இப்படிப் போய் வந்த குடும்பங்கள் உண்டு.

சென்னையில் ஹோட்டலுக்குப் போனால் சர்வர் கைக்குழந்தையை வாங்கிக்கொண்டு போய், கல்லாவில் இருப்பவரிடம் காட்டிக் கொஞ்சிக்கொண்டிருப்பாராம். முதலில் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. போகப் போக, நிம்மதியாகச் சாப்பிட முடிகிறதே என்று பழகிவிட்டார். டோக்கியோவில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து ரயிலில் ஏறினாலே நாலு பக்கமும் தலை குனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. தள்ளுவண்டியை மடக்காமலே ஏறலாம் என்று அரசு 2014-லேயே தெளிவாகச் சொல்லி, அதற்கு ஒரு சின்னமும் கொண்டுவந்துவிட்டது. யாரும் வாய் திறந்து திட்டுவதும் இல்லை. ஆனாலும் அந்த மௌனத்தில் அம்மாக்கள் கூசிப் போகிறார்கள். முன்பு இதெல்லாம் மரியாதை என்றே நினைத்திருந்தேன், இப்போது இது பயம் என்று தோன்றுகிறது என்றார்.

அவருடைய மூத்த மகள் விஷயம்தான் எனக்கு மனசு தாங்கவில்லை. சென்னையில் ஆங்கில வழியில் படித்த பெண், சரளமாகப் பேசுவாள். இங்கே 2020 முதல் ஐந்தாம், ஆறாம் வகுப்பில் ஆங்கிலம் முறையான பாடம். வகுப்பில் வாசிக்கச் சொன்னால் அவள் வேண்டுமென்றே 'ஆப்பிள்' என்பதை மற்றப் பிள்ளைகள் போல 'அப்புரு' என்றுதான் வாசிக்கிறாள். தெரிந்ததைத் தெரியாத மாதிரி நடிக்க ஒரு குழந்தை கற்றுக்கொள்கிறது. வெளிநாட்டிலிருந்து திரும்பிய பிள்ளைகள் பலரும் இப்படிச் செய்வது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். தனித்துத் தெரியாமல் இருப்பதற்கு அவ்வளவு அழுத்தம். 2017-ல் ஒசாகாவில் ஒரு மாணவி, இயற்கையிலேயே பழுப்பான தன் முடிக்குக் கறுப்புச் சாயம் பூசக் கட்டாயப்படுத்தினார்கள் என்று வழக்கே போட்டார். டோக்கியோவின் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் முடி கறுப்பாக இருக்க வேண்டும் என்ற விதி போனது 2022-ல்தான்.

இதனால் ஜப்பானே வேண்டாம் என்று அவர் சொல்வதாக நினைக்காதீர்கள். ஆறு வயதுப் பிள்ளை பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்கு நடந்து போவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது சென்னைப் போக்குவரத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. அதோடு, அது தானாக நடப்பதில்லை என்பதும். ஒழுங்கு ஜப்பானியர்களின் ரத்தத்திலேயே ஊறியது என்று நம் யூடியூப் வீடியோக்களில் சொல்வார்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாமே முறை போட்டுச் செய்யும் வேலை. வகுப்பறையைப் பிள்ளைகளே பெருக்குகிறார்கள், வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு மதியச் சாப்பாட்டையும் அவர்களே பரிமாறுகிறார்கள். குப்பை போடும் இடத்தைக் கழுவப் பல தெருக்களில் வீட்டுக்கு வீடு முறை உண்டு. காலையில் பிள்ளைகள் சாலையைக் கடக்கும் முனையில் மஞ்சள் கொடியோடு பெற்றோர் முறை வைத்து நிற்கிறார்கள். எங்கள் பள்ளியில் பெற்றோர் என்றால் பெரும்பாலும் அம்மாக்கள்தான், வேலைக்குப் போகிற அம்மாக்கள் உட்பட.

வெளியே போகாமல் ஜப்பானிலேயே இருந்திருந்தால் இதைக் கேள்வி கேட்கவே தோன்றியிருக்காது என்கிறார். போன பெற்றோர் கூட்டத்தில் அவர் எழுந்து, கொடி பிடிக்கும் பட்டியலில் ஏன் அப்பாக்கள் பெயரே இல்லை என்று கேட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பின்வரிசையிலிருந்து இன்னொரு அம்மா, எனக்கும் அதே கேள்வி இருக்கிறது என்றார். அவர் வெளிநாட்டுப் பக்கமே போகாதவர்.