ரசீது கேட்டவர் எதிரி அல்ல

கேள்வி: நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் சூப்பர்வைசர். வயது 36. தோட்டத்தை விற்ற பிறகு எங்கள் ஆட்கள் எல்லோரும் தாமானுக்கு, அதாவது வீடமைப்புக் குடியிருப்புக்கு, வந்துவிட்டோம். அம்மன் கோயிலையும் இங்கேயே புதிதாகக் கட்டிக்கொண்டோம். போன வருடப் பொதுக்கூட்டத்தில் போட்டியில்லாமல் என்னைத் தலைவராக்கினார்கள். மூன்று மாதத்துக்கு முன் நடந்த கூட்டத்தில், முன்பு பொருளாளராக இருந்த பெரியவர், “பந்தல்காரருக்குக் கொடுத்த 1,800 வெள்ளிக்கு ரசீது எங்கே தம்பி?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. “நீங்கள் இருந்த காலத்தில் எத்தனை ரசீது வைத்தீர்கள்?” என்று கத்திவிட்டேன். மைக் வேறு ஓடிக்கொண்டிருந்தது. உண்மையில் ரசீது இருந்தது, என் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில். அன்றிலிருந்து யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கோத்தோங் ரோயோங்குக்கு, எல்லோரும் கூடிச் செய்யும் கோயில் வேலைக்கு, கூப்பிட்டால் நான்கு பேர் வருகிறார்கள். வராதவர்களின் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அதற்கும் பதில் இல்லை. பணிவாக இருந்து பார்ப்போம் என்று நானே கோயிலைக் கூட்டிப் பெருக்கிப் படம் போட்டேன். எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெரியவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள் என்கிறார் மனைவி. குனியக் குனியக் குட்டுவார்கள் என்கிறான் நண்பன். நான் ஒரு சென்கூட எடுத்ததில்லை. மரியாதையை எப்படிச் சம்பாதிப்பது?

– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, நீங்கள் ஒரு சென்கூட எடுத்ததில்லை என்பதை நான் நம்புகிறேன். எடுத்தவர்கள் மோட்டார் சீட்டு வரைக்கும் விவரமாக எழுத மாட்டார்கள். ஆனால் நான் நம்பி என்ன ஆகப்போகிறது? நம்ப வேண்டியவர்கள் உங்கள் தாமானில் இருக்கிறார்கள். அவர்கள் பார்த்தது ரசீதை அல்ல, உங்கள் கோபத்தை. கணக்குக் கேட்டதும் ஒருவர் கத்தினால், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பெரியவர் உங்களை அவமானப்படுத்தத்தான் கேட்டார் என்றே வைத்துக்கொள்வோம். இருக்கலாம். பதவியிலிருந்து இறங்கியவர்களுக்கு அந்த ஆசை கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அப்படியே இருந்தாலும் கேள்வி சரியான கேள்வி. கேட்டவரின் மனதை எடைபோட்டுக் கேள்வியைத் தள்ளிவிடுகிற தலைவரிடம், அடுத்த முறை நல்ல மனதோடு இருப்பவரும் கேட்க மாட்டார். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இப்போது நடப்பது அதுதான்.

நம் தோட்டங்களில் மரியாதை என்றால் என்ன என்று ஒரு பழைய பாடம் உண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம், பிள்ளைகளின் படிப்பு, மருத்துவ வசதி எல்லாம் கேட்டார்கள். அந்தப் பட்டியலிலேயே இன்னொன்றும் இருந்தது: துரையோ அதிகாரியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். காசுக்கும் மருந்துக்கும் பக்கத்திலேயே இதையும் எழுதிக் கேட்டிருக்கிறார்கள் என்றால், அந்த இறங்கி நிற்றல் மனதுக்குள் எப்படி அறுத்திருக்க வேண்டும்! அத்தனை காலமும் அதைத்தான் துரைமார் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது நீங்கள் குழுவில் போட்ட பெயர்ப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அது பெரட்டு, தம்பி, தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் எண்ணும் வழக்கம். உங்கள் தாத்தா பாட்டி இருட்டில் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கூப்பிடக் காத்திருந்தார்களே, அதே பெரட்டு. வராதவனுக்கு அன்றைய கூலி போகும் என்ற பயம் அங்கே இருந்தது. கோயிலுக்குச் சம்பளமா கொடுக்கிறீர்கள்? சும்மா வந்து புல் வெட்டுகிறவரை ஆஜர் எடுத்தால் அடுத்த வாரம் அவரும் வர மாட்டார். அந்தப் பதிவை இன்றே அழித்துவிடுங்கள். வந்த நான்கு பேருக்குத் தனித்தனியாகப் போன் செய்து நன்றி சொல்லுங்கள், குழுவில் வேண்டாம்.

கூட்டிப் பெருக்கிய படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பெருக்குங்கள், நல்லதுதான். போனை வீட்டில் வைத்துவிட்டுப் பெருக்குங்கள். பணிவைக் காட்ட இதைவிடக் கடினமான இடங்கள் உங்கள் கோயிலிலேயே இருக்கின்றன. அன்னதானத்துக்கு எத்தனை கிலோ அரிசி போடுவது என்று இதுவரை யார் முடிவு செய்தார்கள்? அடுப்படியில் நிற்கும் அம்மாக்களைக் கேட்டீர்களா, அல்லது குழுவில் பட்டியலை அனுப்பினீர்களா? வெள்ளிக்கிழமைக்கு எத்தனை பேர், திருவிழாவுக்கு எத்தனை பேர், எந்தக் கடை அரிசி குழையும் என்று அவர்களுக்குக் கைக்கணக்காகத் தெரியும். அவர்கள் சொல்வதைக் கேட்டு உங்கள் முடிவை மாற்றிக்கொண்டால், அந்தச் செய்தி மறுநாள் காலைக்குள் தாமான் முழுக்கப் போய்விடும். படம் தேவைப்படாது.

நம்பிக்கைக்கு வருவோம். உங்கள் ஊர்க்காரர் ஒருவரையே எடுத்துக்கொள்ளலாம். மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்று, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்துகொண்டிருந்த நேரம். 1960-இல் அவர் முயற்சியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. தொழிலாளர்களே மாதம் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டு, சங்கத்தின் பெயரில் தோட்டங்களை வாங்குவது என்பது திட்டம். அன்றைக்குத் தோட்டத்துக் கூலியில் பத்து வெள்ளி விளையாட்டில்லை. அதை எடுத்துக் கொடுக்கிறவர் தலைவரின் பேச்சுத்திறனுக்காகக் கொடுத்துக்கொண்டே இருக்க முடியாது. போட்ட காசு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் கோயிலிலும் அதேதான். சங்கப் பதிவு இலாகாவில் பதிந்த கோயில் என்றால், 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் கணக்கோடு ஆண்டறிக்கை அனுப்பியாக வேண்டும். அதைச் செய்திருப்பீர்கள். ஆனால் அது இலாகாவுக்குப் போகிற தாள். வெள்ளிக்கிழமை உண்டியலில் ஐந்து வெள்ளி போடும் பாட்டி அதைப் பார்ப்பதில்லை. கோயில் சுவரில் ஒரு பலகை மாட்டுங்கள். மாதா மாதம் வரவு, செலவு, கையிருப்பு, ஒரே பக்கம், பெரிய எழுத்தில். உண்டியல் திறக்கும்போது வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேராவது உட்கார்ந்து எண்ணிக் கையெழுத்துப் போடட்டும். அதில் ஒருவர் உங்களைப் பிடிக்காதவராக இருந்தால் ரொம்ப நல்லது. ரசீதெல்லாம் கோயில் ஃபைலில் இருக்கட்டும், சாவி பொருளாளரிடம் இருக்கட்டும். இதற்குப் பிறகு யாராவது ரசீது கேட்டால் உங்களுக்குச் சுருக்கென்று வராது. பலகையைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பீர்கள்.

கோபம் பற்றி. ஆலையில் பழக்குலைகளை நீராவியில் வேகவைக்கும் ஸ்டெரிலைசரின் கதவை, நீராவி இறங்கும் முன் யாராவது திறக்கப் போனால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கூட்டத்திலும் அதே விதிதான். கேள்வி வந்ததும் வாயைத் திறக்காமல் பேனாவைத் திறங்கள். மினிட் புத்தகத்தில் அந்தக் கேள்வியை உங்கள் கையாலேயே எழுதுங்கள், கேட்டவர் பெயரோடு. எழுதியதைச் சத்தமாகப் படித்து, “ஐயா, நீங்கள் கேட்டது இதுதானே?” என்று கேளுங்கள். இதற்குள் பாதிச் சூடு இறங்கியிருக்கும். கையில் பதில் இல்லையென்றால், “அடுத்த கூட்டத்துக்குள் பலகையில் போட்டுவிடுகிறேன்” என்று சொல்லி, சொன்னபடி போட்டுவிடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் குழுவில் வரும் எதற்கும் பதில் எழுதாதீர்கள். காலையில் பார்த்தால் அதில் பாதிக்குப் பதிலே தேவைப்படாது.

இனி மன்னிப்பு. உங்கள் மனைவி சொல்வது சரி, ஆனால் பாதிதான். வீட்டுக்குப் போங்கள், தனியாகப் போங்கள். பழத்தட்டு, செயலாளர், கேமரா எதுவும் வேண்டாம். “ஐயா, நீங்கள் கேட்டது சரி. நான் பேசியது தப்பு” என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். ‘ஆனால்’ என்று ஆரம்பித்தீர்களோ, போன காரியம் அங்கேயே முடிந்தது. அவர் காலத்து ரசீதுகளைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். ஊரே கேட்கக் கத்தியிருக்கிறீர்கள். அதனால் அடுத்த கூட்டத்தில், அதே மைக்கில், இதே இரண்டு வாக்கியத்தை இன்னொரு முறை சொல்ல வேண்டும். தனியாகக் கேட்டு முடித்துக்கொள்வது உங்களுக்கு வசதி, அவருக்கு நியாயமில்லை.

அப்புறம் கணக்குப் புத்தகத்தை அவர் முன் வைத்து, “இதை ஒரு முறை பார்த்துத் தாருங்கள்” என்று கேளுங்கள். அத்தனை காலம் அந்த வேலையைப் பார்த்தவர், எங்கே இடிக்கும் என்று அவருக்குத் தெரியும். முறைப்படி கணக்காய்வாளரை நியமிப்பது பொதுக்கூட்டத்தின் வேலையாக இருக்கும். உங்கள் கோயில் சங்க விதியைப் பாருங்கள். அப்படியென்றால் அடுத்த பொதுக்கூட்டத்தில் அவர் பெயரை நீங்களே முன்மொழியுங்கள்.

நண்பர் சொன்ன பழமொழியிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. மன்னிப்புக் கேட்டதைச் சாக்காக வைத்து அந்தப் பெரியவர் போகிற வருகிற இடத்திலெல்லாம் “நேற்று வந்த பையன்” என்று உங்களை மட்டம் தட்டினால், ஒரு முறை பொறுத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் கணக்கில் பற்று. இரண்டாம் முறை, குரலை உயர்த்தாமல், “ஐயா, கணக்கைப் பற்றி எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேளுங்கள், பதில் சொல்கிறேன். மற்றது வேண்டாம்” என்று சொல்லிவிடலாம். அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, ஏனென்றால் அதற்குள் பலகை சுவரில் இருக்கும்.

அவர் கதவையே திறக்கவில்லையென்றால்? கணக்கின் நகலை ஒரு உறையில் போட்டு வீட்டில் இருப்பவர் யாரிடமாவது கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த மாதக் கணக்கையும் அதே மாதிரி கொண்டுபோய்க் கொடுங்கள். கூட்டத்தில் மைக்கில் சொல்ல வேண்டியதை, அவர் வந்தாலும் வராவிட்டாலும் சொல்லிவிடுங்கள். அதைத் திருவிழா வசூல் தொடங்கும் முன் செய்துவிட்டால் நல்லது.