டர்போ எஞ்சினில் சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில்: வாங்கலாமா, வேண்டாமா?

கேள்வி: என் காரில் இருப்பது 2 லிட்டர், 4 சிலிண்டர் டர்போ எஞ்சின். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாக ஒரு த்ராட்டில் பாடி (காற்று வழியைத் திறந்து மூடும் பாகம்) உள்ள ஐடிபி செட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மாட்டினால் பவர் நிறையக் கூடும் என்று விற்பவர் அடித்துச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: பவருக்காக என்றால் வாங்காதீர்கள். டர்போ இல்லாத எஞ்சினில் நடப்பதை அவர் டர்போ எஞ்சினுக்கும் சேர்த்துச் சொல்கிறார்.

டர்போ இல்லாத எஞ்சின் வெளிக்காற்றைத் தானே இழுத்துக்கொள்ள வேண்டும். வழியில் இருக்கும் சின்னத் தடைகூட அங்கே பவரைத் தின்றுவிடும். அதனால் சிலிண்டருக்கு ஒரு வாய் திறந்து கொடுத்தால் பலன் தெரியும். டர்போ எஞ்சினில் காற்றைத் தள்ளுவது கம்ப்ரஸர். உச்ச பவர் எவ்வளவு என்பதை அந்தக் கம்ப்ரஸரின் அளவு, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், எக்ஸாஸ்ட் பக்கத்து அடைப்பு, பெட்ரோல், இக்னிஷன் டைமிங் இவைதான் தீர்மானிக்கின்றன. த்ராட்டில் அந்த வரிசையில் கடைசியில் வருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 70 மி.மீ. ஒற்றை த்ராட்டிலின் பரப்பு சுமார் 3,850 சதுர மி.மீ. 45 மி.மீ. த்ராட்டில் ஒன்றின் பரப்பு சுமார் 1,590. நான்கையும் கூட்டினால் 6,360 வரும். விற்பவர்கள் காட்டுவது இந்த எண்ணைத்தான். ஆனால் 4 சிலிண்டர் எஞ்சினில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு சிலிண்டர்தான் காற்றை உறிஞ்சுகிறது. அந்த ஒன்றுக்குக் கிடைப்பது 1,590 மட்டும். த்ராட்டில் தட்டைத் தாங்கிக் குறுக்கே நிற்கும் 8 மி.மீ. ஷாஃப்டைக் கழித்தால் 1,230 சொச்சம். ஒற்றை த்ராட்டில் இருந்தால் அதே சிலிண்டருக்கு அந்த 3,850-ல் பெரும்பகுதி திறந்திருக்கும்.

சரி, அப்படியானால் ஐடிபியால் பயனே இல்லையா? உண்டு, அது வேறு இடத்தில் இருக்கிறது. ஒற்றை த்ராட்டில் எஞ்சினில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பட்டர்ஃபிளை எனும் த்ராட்டில் தட்டுக்குப் பின்னால் உள்ள பிளீனம் (காற்று சேரும் அறை), ரன்னர்கள் (அங்கிருந்து சிலிண்டருக்குப் போகும் குழாய்கள்) எல்லாம் வேக்குவத்துக்குப் போய்விடும். மறுபடி மிதிக்கும்போது அந்த லிட்டர் கணக்கான இடம் முதலில் நிரம்ப வேண்டும். ஐடிபியில் பட்டர்ஃபிளை, சிலிண்டரின் இன்டேக் வால்வுக்கு மிக அருகில் இருக்கிறது. பிளீனம் பட்டர்ஃபிளைக்கு முன்னால் வந்துவிடுவதால், நிரப்ப வேண்டிய இடம் கொஞ்சம்தான். கால் பட்டதும் எஞ்சின் பதில் சொல்வதை முதல் நாளே உணரலாம். வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் கடுமையான கேம் போட்ட எஞ்சினாக இருந்தால் ஐடிலிங்கும் நிதானமாகும். ஒரு சிலிண்டரின் ஓவர்லேப் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்) பக்கத்துச் சிலிண்டரைக் கலைக்காது. ஆனால் டர்போ சுழன்று எழ எடுக்கும் நேரம் அப்படியேதான் இருக்கும். அதை எந்த த்ராட்டிலும் குறைத்துவிடாது.

இரண்டு பக்கத்துக்கும் ஒரே எஞ்சின் சாட்சி. 1989-ல் வந்த நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரின் ஆர்பி26 எஞ்சினில் இரண்டு டர்போவும் 6 தனித்தனி த்ராட்டிலும் தொழிற்சாலையிலேயே வைத்தார்கள். பல்சர் ஜிடிஐ-ஆர் காரிலும் 4 வைத்தார்கள். மிதித்ததும் எஞ்சின் பேச வேண்டும் என்பதற்காகச் செய்த காரியம் அது. அதே ஆர்பி26-ஐ எடுத்து மிகப் பெரிய பவருக்குக் கட்டுகிறவர்களில் பலர், அந்த ஆறையும் கழற்றிவிட்டு ஒரே ஒரு பெரிய த்ராட்டில் உள்ள மேனிஃபோல்டைத்தான் போடுகிறார்கள். வளைவு வளைவாகப் போகும் பாதையில், பாதி மிதியிலேயே கார் ஓட்டுகிறவர் நீங்கள் என்றால் ஐடிபி உங்களுக்குப் பிடிக்கும். நேர்கோட்டு வேகம்தான் ஆசை என்றால் அந்தப் பணத்தை இன்டர்கூலரிலும் ட்யூனிங்கிலும் போடுங்கள்.

கேள்வி: டர்போ இல்லாத எஞ்சினிலிருந்து கழற்றிய பழைய ஐடிபி செட் மலிவாகக் கிடைக்கிறது. எஞ்சின் தலையில் உள்ள போர்ட்களின் (காற்றுத் துளைகளின்) இடைவெளியும் ஒத்துப்போகிறது. இதையே மாட்டிக்கொள்ளலாமா?

பதில்: மாட்டலாம், ஆனால் ஷாஃப்ட் சீலைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

டர்போ இல்லாத எஞ்சினில் த்ராட்டிலுக்குள் இருப்பது வேக்குவம், அதிகம் போனால் வெளிக்காற்றின் அழுத்தம். ஷாஃப்ட் ஓரத்தில் கசிவு இருந்தாலும் கொஞ்சம் காற்று உள்ளே போகும், அவ்வளவுதான். ஐடிலிங் சற்று ஏறும், ஸ்க்ரூவைத் திருகிச் சரிசெய்துவிடுவார்கள். பூஸ்ட், அதாவது டர்போ தரும் கூடுதல் அழுத்தம், ஏறும்போது கதை தலைகீழ். காற்று உள்ளிருந்து வெளியே பீறிடும். பல பழைய செட்களில் ஷாஃப்ட் முனையில் ஒரு தூசி மூடியைத் தவிர வேறொன்றும் இருக்காது. சீல் இருந்தாலும் அதன் உதடு எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெளிக்காற்று உள்ளே வராமல் தடுக்க வைத்த சீல், உள்ளிருந்து வரும் அழுத்தத்துக்கு வழிவிட்டுவிடும்.

இதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். ‘டர்போவுக்கு ரெடி’ என்று சொல்லி விற்ற ஒரு செட்டை நண்பர் ஒருவருக்காக வாங்கிக் கொடுத்தேன். மாட்டிய பிறகு பூஸ்ட் தங்கவே இல்லை. டர்போவைச் சந்தேகப்பட்டோம், பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டைச் சந்தேகப்பட்டோம், ஹோஸ் கிளாம்ப் ஒவ்வொன்றாக இறுக்கினோம். கடைசியில் புகை டெஸ்ட் போட்டபோது நான்கு ஷாஃப்டின் இரண்டு முனைகளிலிருந்தும் நூல் நூலாகப் புகை எழுந்தது. எட்டு இடம். ஒன்றுகூடத் தப்பவில்லை. நண்பரின் பணத்தில் நடந்தது என்பதால் இன்றும் மனசு உறுத்துகிறது. வாங்குவதற்கு முன் மேசையில் வைத்தே அதைப் பார்த்திருக்கலாம்.

இன்னொன்று, பட்டர்ஃபிளை மீது விழும் சுமை. 45 மி.மீ. தட்டின் பரப்பு கிட்டத்தட்ட 16 சதுர செ.மீ. 1 பார் பூஸ்ட் இருக்கும்போது சட்டென்று காலை எடுத்தால், மூடிய அந்தத் தட்டை 16 கிலோ எடை வைத்து அழுத்துவது போன்ற விசை தள்ளுகிறது. பின்னால் வேக்குவமும் சேர்ந்துகொள்ளும்போது அது இன்னும் கூடும். மெல்லிய ஷாஃப்ட், தேய்ந்த புஷ் என்றால் அங்கே பிடித்துக்கொள்ளும். த்ராட்டில் திறந்த நிலையில் சிக்கிக்கொள்வது உயிர் போகும் விஷயம். ஷாஃப்ட் பேரிங்கில் ஓடுகிறதா என்று பாருங்கள். ரிட்டர்ன் ஸ்பிரிங் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்.

பழையதை வாங்கும்போது கையோடு ஒரு டார்ச் கொண்டுபோங்கள். பட்டர்ஃபிளையை முழுக்க மூடி, பின்னாலிருந்து வெளிச்சம் அடித்துப் பாருங்கள். ஓரம் முழுக்க முடியிழை போல ஒரே சீராகக் கோடு தெரிந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் மூன்றாம் பிறை போலத் தடித்துத் தெரிந்தால் தட்டோ உள்சுவரோ தேய்ந்துவிட்டது. நான்கையும் ஒரே மாதிரி ஐடிலிங்குக்குக் கொண்டுவரப் படாத பாடு படுவீர்கள். ஷாஃப்ட் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். விரலுக்குத் தெரியும் ஆட்டம் இருக்கவே கூடாது. கடைசியாகத் தட்டைப் பிடித்திருக்கும் இரண்டு குட்டி ஸ்க்ரூக்கள். அவற்றின் முனை நசுக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது திரெட் லாக் பசை போட்டிருக்க வேண்டும். கழன்றால் அது போய்ச் சேரும் இடம் சிலிண்டர்தான்.

கேள்வி: அந்தச் செட்டோடு அழகான கார்பன் ஃபைபர் ஏர்பாக்ஸும் தருகிறார்கள். டர்போ குழாயை அதிலேயே இணைத்துவிடலாம் என்கிறார்கள்.

பதில்: தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஏர்பாக்ஸ் ஃபில்டர் காற்றைத் தாங்கச் செய்தது. அதன் மூடி 50 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம் என்று வையுங்கள்: 750 சதுர செ.மீ. 1 பார் பூஸ்டில் அந்த மூடியை உள்ளிருந்து தள்ளும் விசை முக்கால் டன்னுக்கும் மேல். ஒரு சின்ன கார் அதன்மேல் ஏறி நிற்பதற்குச் சமம். பூஸ்டுக்கென்றே வடிவமைத்ததாக இல்லாத கார்பன் மூடி வீங்கும், பிறகு பிளக்கும்.

அலுமினியத்தில் வெல்டிங் செய்த பிளீனம் வேண்டும். பெரிய தட்டையான பக்கங்கள் இருந்தால் உள்ளே குறுக்குத் தாங்கல் வேண்டும். வட்ட வடிவாக இருந்தால் இன்னும் நல்லது, தட்டையான சுவர்தான் முதலில் உப்பும். கொள்ளளவு எஞ்சின் கொள்ளளவைப் போல ஒரு மடங்கிலிருந்து ஒன்றரை மடங்கு என்பது நடைமுறையில் உள்ள அளவு. உள்ளே டிரம்பெட்டின் (ரன்னர் முனையில் உள்ள புனல்) வாய்க்கும் எதிர்ச் சுவருக்கும் ஏறக்குறைய ரன்னர் விட்டத்தளவு இடைவெளி இருக்கட்டும். பானட் உயரம் போதாமல் சுவரை நெருக்கி வைத்தால் ஐடிபி போட்டதன் பயன் அங்கேயே செத்துவிடும். பூஸ்ட் இருந்தால் ரன்னர் நீளம் முக்கியமில்லை என்று சிலர் சொல்வதைக் கேட்காதீர்கள். ரன்னருக்குள் ஓடும் அழுத்த அலையின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது, அழுத்தத்தைப் பொறுத்தது அல்ல. ஆகவே டர்போ எஞ்சினிலும் நீளத்துக்கு வேலை உண்டு.

கேள்வி: ஐடிபி போட்டால் ஈசியூவையும் (எஞ்சினை நிர்வகிக்கும் கம்ப்யூட்டர்) மாற்ற வேண்டும் என்கிறார் ட்யூனர். இருக்கும் மேப் சென்சாரையே வைத்து ஓட்ட முடியாதா? செலவை இழுக்கிறாரோ என்று சந்தேகம்.

பதில்: இல்லை, அவர் சரியாகத்தான் சொல்கிறார். இந்த வேலையில் பட்ஜெட் போடாமல் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மேப் சென்சார் மேனிஃபோல்டின் அழுத்தத்தைப் படித்து, எவ்வளவு காற்று போகிறது என்று ஈசியூவுக்குச் சொல்கிறது. ஒற்றை த்ராட்டிலில் அந்த அழுத்தம் நிதானமாக இருக்கும். ஒரு தனி ரன்னரில் ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் எகிறிக் குதிக்கும். அதனால் எல்லா ரன்னரிலிருந்தும் சம நீளத்தில் மெல்லிய குழாய் எடுத்து, ஒரு சின்ன டப்பாவில் சேர்த்து, அங்கிருந்துதான் சென்சாருக்குக் கொடுக்க வேண்டும். அப்போதும் ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. கொஞ்சம் மிதித்ததுமே அழுத்தம் வெளிக்காற்றின் அளவுக்கு வந்துவிடும். அதற்குமேல் மிதியில் எவ்வளவு மாறினாலும் மேப் எண் அசையாது. அங்கே ஈசியூ, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை வைத்துப் பெட்ரோல் கணக்கிட வேண்டும். பூஸ்ட் ஏறியபின் மறுபடி மேப் பக்கம் திரும்ப வேண்டும். இரண்டையும் கலந்து ஓட்டத் தெரிந்த ஈசியூ தேவை; மெகாஸ்கொயர்ட் 3 என்ற ஈசியூவில் இதற்கென்றே ஐடிபி மோட் இருக்கிறது. ஆர்பி26-ல் நிசான் காற்றின் அளவையே நேரடியாக அளக்கும் இரண்டு ஏர்ஃப்ளோ மீட்டர்களை வைத்து இந்தச் சிக்கலைத் தாண்டியது.

பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டருக்கும் அதே டப்பாவிலிருந்து ஒரு குழாய் வேண்டும். அடிப்படை அழுத்தம் 3 பார் என்றால் 1 பார் பூஸ்டில், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் ரெயிலில் 4 பார் இருக்க வேண்டும். இல்லையென்றால் பூஸ்ட் ஏற ஏறப் பெட்ரோல் குறைந்து பிஸ்டன் உருகும்.

வேக்குவத்தை வைத்து பிரேக் மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒரே ஒரு ரன்னரிலிருந்து குழாய் எடுத்தால் வேக்குவம் போதாது. எல்லா ரன்னரையும் சேர்த்து, ஒருவழி வால்வு போட்டுக் கொடுக்க வேண்டும். சாலைக்கு எடுக்கும் முன் எஞ்சினை அணைத்து பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள். பெடல் கெட்டியானதும் காலை அதன்மேல் வைத்தபடி எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அன்றைக்குக் காரை நகர்த்தாதீர்கள்.

அப்புறம், ட்யூனரிடம் நான்கு த்ராட்டிலையும் சமப்படுத்தும் வேலை அவர் கணக்கில் சேர்த்ததா என்று கேளுங்கள். பிளீனம் மாட்டியபின் காற்று அளவியை த்ராட்டிலின் வாயில் வைக்க இடமிருக்காது. ஒவ்வொரு ரன்னரிலும் வேக்குவம் அளக்க ஒரு துளை இருக்கிற செட்டையே வாங்குங்கள்.

கேள்வி: என் கார் புதிது. ஆக்ஸிலரேட்டர் கேபிளே கிடையாது, எல்லாம் எலக்ட்ரானிக் த்ராட்டில். ஐடிபி போடலாமா?

பதில்: விட்டுவிடுங்கள். ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலும் க்ரூஸ் கண்ட்ரோலும் பெரும்பாலும் அந்த ஒற்றை த்ராட்டில் மூலமாக எஞ்சினோடு பேசுகின்றன. கேபிள் ஐடிபி போட்டால் அவற்றை இழப்பீர்கள், இன்ஷூரன்ஸிலும் பிரச்சினை வரலாம். நல்ல ஒற்றை த்ராட்டில் மேனிஃபோல்டு ஒன்று போதும்.

கேள்வி: வெளியூரிலிருந்து தருவித்த இன்டேக் மேனிஃபோல்டு வந்து சேர்ந்தது. எஞ்சின் தலையோடு வைத்துப் பார்த்தால் ஒரு ஓரத்தில் வெளிச்சம் தெரிகிறது. லேத்தில் கொடுத்துத் தேய்த்தால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: தேய்க்கக் கொடுக்காதீர்கள், இன்னும் ஒரு நாள் பொறுங்கள். வெல்டிங் சூட்டில் ஃபிளாஞ்ச் (எஞ்சின் தலையோடு ஒட்டும் தட்டு) வளைந்திருக்கலாம். தேய்த்தால் சரியாகலாம்தான். ஆனால் பொருளில் ஒரு கீறல் விழுந்துவிட்டால் திருப்பித் தரும் உரிமை போய்விட்டது என்று விற்றவர் கைவிரிக்க வழி கிடைக்கும். நேரான இரும்பு ஸ்கேலை ஃபிளாஞ்ச் மீது நிறுத்தி, இடைவெளியில் ஃபீலர் கேஜ் (கனம் குறித்த மெல்லிய தகடு) நுழைத்து அளந்துகொள்ளுங்கள். கேஜில் உள்ள எண் தெரியும்படி படம் எடுத்து, எவ்வளவு பூஸ்ட் தாங்கும் என்று அவர் எழுதிக் கொடுத்ததையும் சேர்த்து அனுப்புங்கள். மாற்றித் தர முடியாது, நீங்களே தேய்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னால் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, செலவை யார் ஏற்பது என்று முடிவான பிறகு லேத்துக்குப் போகட்டும். தேய்த்து வந்ததும் ஒரு முறை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். மாட்டியபின் எஞ்சினை ஓட்டாமல் குழாயில் காற்றேற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். ஓட்டப்போகும் பூஸ்டைத் தாண்டி அழுத்தம் ஏற்ற வேண்டாம். குழாயை அடைத்திருக்கும் மூடிக்கு நேராக யாரும் நிற்கவும் வேண்டாம்.