பழைய பட்டறைக்கல் வாங்கப் போகிறீர்களா?

கீழக்கரையிலிருந்து: அண்ணே, பழைய இரும்புக் கடையில், கொல்லர் இரும்பை வைத்து அடிக்கிற பட்டறைக்கல் ஒன்று கிடக்கிறது. முழுக்கத் துரு. நம்பி வாங்கலாமா?

துருவைப் பார்த்து ஒதுக்காதீர்கள். உப்புக் காற்றில் ஒரு மழைக்காலம் வெளியே கிடந்தாலே எந்த இரும்பும் அப்படித்தான் ஆகும். மேல்முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, ஒரு அங்குல பால்ரஸ் குண்டை 10 அங்குல உயரத்திலிருந்து விடுங்கள். பக்கத்தில் ஸ்கேலை நிறுத்திக்கொள்ளுங்கள். 7, 8 அங்குலம் திரும்பி எழும்பினால் தாராளமாக விலை பேசலாம். 5 கூட வரவில்லை என்றால் முகம் மெத்து. நீங்கள் அடிக்கிற அடியைக் கல்லே தின்றுவிடும்.

ஒரே இடத்தில் பார்த்துவிட்டுப் பணத்தை எடுக்காதீர்கள். தேவிபட்டினம் பக்கம் நான் பார்த்த ஒரு கல்லில், கூராக நீண்டிருக்கும் கொம்புப் பக்கம் குண்டு துள்ளியது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பொத்தென்று உட்கார்ந்தது. உற்றுப் பார்த்தால் அங்கே வெல்டிங் வைத்துத் தேய்த்திருந்தார்கள். அடி விழுவதே நடுவில்தானே! வாங்காமல் வந்துவிட்டேன்.

தொண்டியிலிருந்து: தட்டினால் மணி மாதிரி ஒலிக்கிறது. அது போதாதா?

போதாது. வார்ப்பிரும்பு உடம்பில் உருக்கு முகம் வைத்த அமெரிக்க ஃபிஷர் கல் ஒலிக்கவே ஒலிக்காது, ஆனால் அருமையாக வேலை செய்யும். மணலில் கிடக்கிற நல்ல கல்லும் ஊமையாகத்தான் இருக்கும். மரக்கட்டை மேல் தூக்கி வைத்துத் தட்டுங்கள். சின்னச் சுத்தியலால் முகம் முழுக்கத் தட்டிக்கொண்டே போகும்போது ஓரிடத்தில் சத்தம் கரகரத்தால், முகமாக ஒட்டியிருக்கும் மேல்தகடு அங்கே பிரிந்திருக்கிறது.

பாம்பனிலிருந்து: பக்கவாட்டில் 1 2 10 என்று பொறித்திருக்கிறதே, வருஷமா?

எடை. பழைய இங்கிலாந்துக் கல்லில் முதல் எண்ணை 112ஆலும் இரண்டாவதை 28ஆலும் பெருக்கினால் பவுண்டு வரும், மூன்றாவது அப்படியே பவுண்டு. கூட்டினால் 178 பவுண்டு, ஏறக்குறைய 81 கிலோ.

சாயல்குடியிலிருந்து: பாளை சீவுகிற அருவாள்தான் அடிப்பேன். முகம் லேசாகக் குழிந்திருக்கிறது. கிரைண்டர் போட்டுச் சமமாக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். கெட்டியான மேல்தகடே அரை அங்குலம்போலத்தான் இருக்கும். தேய்த்தால் போனது போனதுதான். லேசான குழி, வளைந்த அருவாளை நிமிர்த்த உதவும். ஓரம் உடைந்திருந்தாலும் ஒரு சாண் நல்ல ஓரம் கிடைத்தால் போதும்.

ஏர்வாடியிலிருந்து: கொட்டகையோடு தீயில் வெந்த கல்லாம், பாதி விலை சொல்கிறார்கள்.

முகத்தில் அரம் போட்டுப் பாருங்கள். வழுக்கினால் பதம் இருக்கிறது. அரம் கடித்தால் பதம் இறங்கிவிட்டது, விட்டுவிடுங்கள்.

மண்டபத்திலிருந்து: அவ்வளவு பணம் இல்லை அண்ணே. தண்டவாளத் துண்டு ஆகுமா?

நன்றாக ஆகும். ஏலத்தில் எடுத்த ரசீதோடு தருகிறவரிடம் மட்டும் வாங்குங்கள். திருட்டு ரயில்வே இரும்பு கையில் இருந்தால் 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்கு வரும். அப்புறம், அதைப் படுக்கப் போடாமல் செங்குத்தாக நட்டு, வெட்டுமுகத்தில் அடியுங்கள். மொத்தக் கனமும் சுத்தியலுக்கு நேர் கீழே நிற்கும்.