இலையுதிர்கால அலங்காரம்: வாசகர் கேள்வி பதில்

இலையுதிர்கால விடுமுறைக்கு வீட்டை அலங்கரிப்பது பற்றி வந்த கேள்விகளில் இவை சில. அழுகல், பூஞ்சை, புழு, சுருண்ட இலை எனச் சிக்கல்கள் பலவானாலும், அநேகமாக எல்லாவற்றுக்கும் காரணம் ஈரம்தான். எதைக் காயவைக்க வேண்டும், எதைக் காயவிடக் கூடாது என்பது தெரிந்துவிட்டால் மற்றது எளிது.

சிவப்பும் மஞ்சளுமாக மேப்பிள் இலைகளைப் பொறுக்கி வந்து தட்டில் பரப்பி வைத்தேன். சில நாளில் சுருண்டு பழுப்பாகிவிட்டன. நிறம் போகாமல் வைக்க முடியுமா?

என்றென்றைக்கும் முடியாது. ஆனால் பண்டிகை நாட்கள் முடியும் வரை தாராளமாகத் தாங்க வைக்கலாம். இலையின் ஓரங்கள் முதலில் காய்ந்து நடுப்பகுதி பின்னால் காய்வதால்தான் சுருள்கிறது. ஆகவே பொறுக்கிய அன்றே தட்டையாக அழுத்திவிட வேண்டும். இலைகளைத் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் செய்தித்தாள்களுக்கு நடுவே பரப்பி, மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். முதல் மூன்று நாட்கள் தினமும் தாளை மாற்றுங்கள். பலர் விட்டுவிடும் வேலை இதுதான். ஈரம் உறிஞ்சிய தாள் அப்படியே கிடந்தால் இலையில் கரும்புள்ளி விழும். ஒன்றிரண்டு வாரத்தில் இலை தயார்.

இன்னும் பளபளப்பு வேண்டுமென்றால் மெழுகில் முக்கலாம். ஓரிரவு மட்டும் அழுத்தி வைத்த, நிறம் குன்றாத இலைகளே இதற்கு ஏற்றவை. பாரஃபின் மெழுகையோ தேன்மெழுகையோ ஒரு பாத்திரத்தில் போட்டு, கொதிநீர் உள்ள இன்னொரு பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். அடுப்பில் நேரடியாக வைக்கவே கூடாது. சூடு மீறினால் மெழுகு தீப்பற்றும். உருகியதும் அடுப்பை அணைத்துவிட்டு, காம்பைப் பிடித்து இலையை ஒரு விநாடி முக்கி எடுத்து, சொட்டு வடிந்ததும் மெழுகுத்தாளில் வையுங்கள். இலை சுருங்கினால் மெழுகு சூடு அதிகம் என்று பொருள். வெள்ளையாகத் தடித்துப் படிந்தால் ஆறிவிட்டது என்று பொருள், மறுபடி சூடாக்குங்கள்.

எப்படிப் பதப்படுத்தினாலும் நேர் வெயில் படும் சன்னலில் வைக்காதீர்கள். இலையின் சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனின் வெளிச்சத்தில் சீக்கிரம் சிதையும். மஞ்சளுக்குக் காரணமான கரோட்டினாய்டு சற்றுக் கூடுதலாகத் தாங்கும்.

கிளைகளைக் கிளிசரினில் வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும் என்றார்கள். வைத்துப் பார்த்தேன், இலைகள் எல்லாம் கொட்டிவிட்டன.

நன்றாக நிறம் மாறிய கிளையை வைத்திருப்பீர்கள். மரம் இலையை உதிர்க்கத் தயாராகும்போது காம்படியில் ஓர் அடைப்பு அடுக்கு உருவாகிறது. அதன்பின் தண்ணீரும் ஏறாது, கிளிசரினும் ஏறாது. இலை இன்னும் பச்சையாக, அல்லது நிறம் மாறத் தொடங்கும் நிலையில் இருக்கும்போதே வெட்ட வேண்டும். 1 பங்கு கிளிசரினுக்கு 2 பங்கு வெதுவெதுப்பான தண்ணீர். கிளையின் அடிப்பகுதியை 5 செ.மீ. நீளத்துக்குச் சுத்தியலால் நசுக்கி, கலவையில் 10 செ.மீ. மூழ்கும்படி நிறுத்தி, வெயில் படாத இடத்தில் 2 முதல் 3 வாரம் விடுங்கள். மட்டம் குறைந்தால் அதே விகிதத்தில் கலந்து ஊற்றுங்கள். இலையைத் தொட்டால் தோல் போல வளைய வேண்டும். இலை விளிம்பில் எண்ணெய் போல் துளிகள் கசிந்தால் அளவு மீறிவிட்டது. உடனே வெளியே எடுத்து, துடைத்துத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்: இந்த முறையில் இலை மென்மையாக இருக்கும், ஆனால் நிறம் பழுப்பு, கரும்பச்சை, வெண்கலம் என்றுதான் போகும். அனல் போன்ற சிவப்பு வேண்டுமென்றால் மெழுகே சரி.

அலங்காரத்துக்கு வைத்த மஞ்சள் பூசணி அடியில் அழுகி, மர மேசையில் கறையும் ஏற்பட்டுவிட்டது. ஏன்?

கீழே காற்று புகாததுதான் காரணம். மேசைப் பரப்புக்கும் பூசணிக்கும் நடுவே தேங்கும் ஈரம் தோலை ஊறவைத்துவிடும். கார்க் வட்டு, மடித்த அட்டை, காய்ந்த வைக்கோல், எதுவானாலும் ஒன்றை அடியில் போடுங்கள். வாரத்துக்கு ஒரு முறை தூக்கி, அடியை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் அன்றே அகற்றிவிடுங்கள். பக்கத்தில் இருப்பதற்கும் பரவும்.

வாங்கும்போதே காம்பைப் பாருங்கள். காம்பு உறுதியாக ஒட்டியிருக்க வேண்டும், தோலை நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது. காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். அது பிய்ந்தால் அந்தக் காயத்தின் வழியாகவே அழுகல் நுழையும். வீட்டுக்கு வந்ததும் 1 லிட்டர் தண்ணீரில் 1 மேசைக்கரண்டி வாசனை சேர்க்காத பிளீச் கலந்து, கையுறை போட்டுத் துடைத்து, முழுவதும் காயவையுங்கள். பிளீச்சோடு வினிகரையோ வேறு சுத்திகரிப்புத் திரவத்தையோ சேர்க்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில், வெட்டாத பூசணி 2, 3 மாதம்கூட இருக்கும். சூடான அறையில் அவ்வளவு நாள் எதிர்பார்க்க வேண்டாம். உறைபனியிலும் வெளியே விடாதீர்கள். உறைந்து இளகினால் கூழாகிவிடும்.

ஆப்பிளையும் பூசணியையும் ஒரே கூடையில் குவித்து வைக்கும் அழகு பல படங்களில் வருகிறது. ஆப்பிள் வெளிவிடும் எத்திலீன் வாயு பூசணியின் ஆயுளைக் குறைக்கும். ஒரு நாள் விருந்துக்குச் சரி, மாதக்கணக்கில் வேண்டாம்.

முகம் செதுக்கிய பூசணி பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்காது. நீண்ட நாள் வேண்டுமென்றால் செதுக்காமல் அக்ரிலிக் வண்ணம் தீட்டுங்கள்.

பைன் கூம்புகளையும் ஓக் கொட்டைகளையும் கிண்ணத்தில் வைத்தேன். கொட்டைகளிலிருந்து வெள்ளைப் புழுக்கள் வந்தன!

அவை கொட்டைக்குள்ளேயே வளரும் ஒருவகை வண்டின் புழுக்கள். கொட்டைகளை முதலில் தண்ணீரில் போடுங்கள். மிதப்பவை பெரும்பாலும் பூச்சி அரித்தவை, அவற்றை எறிந்துவிடலாம். மூழ்கியவற்றைத் துடைத்து, தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, ஓவனில் 80 முதல் 90 டிகிரியில் அவ்வப்போது புரட்டிவிட்டு 2 மணி நேரம் வையுங்கள். காய்ந்தால் தொப்பி கழன்றுவிடும். ஒரு சொட்டுப் பசை வைத்து ஒட்டிக்கொள்ளலாம்.

பைன் கூம்புக்கு 95 டிகிரியில் 30 முதல் 60 நிமிடம் போதும். தட்டில் அலுமினியத் தாள் விரியுங்கள், பிசின் உருகி வழியும். சமையலறைச் சன்னலைத் திறந்து வைத்து, பக்கத்திலேயே இருங்கள், பிசின் எரியக்கூடியது. மூடியிருக்கும் கூம்பு ஈரம் போனதும் தானாகவே விரியும்.

கோதுமைக் கதிர், காய்ந்த புல் போன்றவற்றைச் சூடாக்க வேண்டியதில்லை. பையில் கட்டி உறைபெட்டியில் 4 நாள் வைத்தால் அந்துப்பூச்சிகள் சாகும். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காதீர்கள். பை அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு பிரித்தால்தான் உள்ளே நீர் கோக்காது.

கதவில் மாட்டிய அலங்கார வளையத்திலிருந்து ஒட்டியவை ஒவ்வொன்றாக உதிர்கின்றன. நல்ல பசைதான் போட்டேன்.

வெளியே கண்ணாடிக் கதவு, உள்ளே மரக் கதவு என்று இருந்தால், வெயிலில் இரண்டுக்கும் நடுவே சூடு ஏறும். பசைத் துப்பாக்கியில் உருக்கி வைத்த பசை அந்தச் சூட்டில் இளகிவிடும். கனமான எதையும் கம்பியால்தான் கட்ட வேண்டும். இலை போன்ற லேசானவற்றுக்கு மட்டும் பசை போதும். பைன் கூம்பின் அடிச் செதில்களுக்குள் மெல்லிய கம்பியை ஒரு சுற்றுச் சுற்றி முறுக்கி, இரு முனைகளையும் 10 செ.மீ. விட்டு, கொடி வளையத்தின் (காய்ந்த கொடிகளைச் சுற்றிச் செய்த வளையம்) பின்புறம் கொண்டுபோய் முடியுங்கள். 90 செ.மீ. கதவுக்கு 50 முதல் 60 செ.மீ. விட்டமுள்ள வளையம் பொருந்தும். சுற்றிலும் ஒரே சீராக நிரப்புவதைவிட மூன்றில் ஒரு பகுதியை மட்டும் அடர்த்தியாக நிரப்பி மீதியை வெறும் கொடியாக விட்டால் எங்கள் கண்ணுக்கு அழகு. பாதிச் செலவில் முடியும், கனமும் குறையும்.

வாடகை வீடு. ஆணி அடிக்க முடியாது. தோரணம் எப்படிக் கட்டுவது?

ஒட்டும் கொக்கிகள் போதும். சுவரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும் ஒட்டி, 30 விநாடி அழுத்தி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் பாரம் ஏற்ற வேண்டும். புதிதாக வண்ணம் அடித்த சுவரானால் சில வாரம் பொறுங்கள். இல்லையேல் கழற்றும்போது வண்ணமும் பிய்ந்து வரும். படிக்கட்டுக் கைப்பிடிக்கு ஆணியே தேவையில்லை. கைப்பிடியின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தோரணம் எடுத்து, 60 செ.மீ.க்கு ஒரு முடிச்சாக வெளிப்பக்கத்தில் தொங்கவிடுங்கள். கை பிடிக்கும் மேல்பரப்பு காலியாகவே இருக்கட்டும்.

விருந்து மேசையில் பூ, மெழுகுவர்த்தி எல்லாம் வைத்தால் தட்டு வைக்க இடமில்லை.

முதலில் தட்டுகளை வைத்துவிட்டு அளந்து பாருங்கள். 90 செ.மீ. அகல மேசையில் இருபுறமும் 35 செ.மீ. ஒதுக்கினால் நடுவில் மிஞ்சுவது 20 செ.மீ. தான். அதற்குள் நீளவாக்கில் அடக்குங்கள். பரிமாறும் பாத்திரங்களும் மேசைக்கு வருமென்றால் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். உயரம் 30 செ.மீ. தாண்டினால் எதிரே இருப்பவர் முகம் மறையும். மெழுகுவர்த்திக்கு வாசனை வேண்டாம், உணவின் மணத்தைக் கெடுத்துவிடும். காய்ந்த இலை, கதிர், பஞ்சுப்புல் எதுவும் சுடரிலிருந்து 30 செ.மீ.க்குள் இருக்கக் கூடாது. 20 செ.மீ. அகலத்துக்குள் இது சாத்தியமே இல்லை என்பதால், காய்ந்த பொருள் வைக்கும் மேசைக்கு எல்.இ.டி. மெழுகுவர்த்தியே எங்கள் பரிந்துரை. புல் உதிராமலிருக்க ஹேர் ஸ்பிரே அடிப்பவர்கள், அது எளிதில் பற்றக்கூடியது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வீட்டில் பூனை இருக்கிறது. எதைத் தவிர்க்க வேண்டும்?

சாமந்தித் தொட்டியை. பூனைக்கும் நாய்க்கும் அது நச்சு. ஓக் கொட்டையையும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

அடுத்த ஆண்டுக்கு எதை எடுத்து வைக்கலாம்?

கொடி வளையம், பைன் கூம்பு, கிளிசரின் ஏற்றிய கிளை, சுடவைத்த கொட்டை. அழுத்திய இலைகள் நிறம் வெளுத்திருந்தால் உரக்குழிக்குப் போகட்டும். மெழுகு பூசியவற்றை அதில் போடாதீர்கள். கிளிசரின் கிளைகளுக்குக் காற்றுப் புகும் அட்டைப்பெட்டிதான் நல்லது. பிளாஸ்டிக்கில் அடைத்தால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மற்றவற்றை மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கலாம். வளையத்தைப் படுக்க வைத்தால் நசுங்கும். ஒரு ஹேங்கரில் மாட்டி, மேலே பழைய தலையணை உறையைப் போர்த்தித் தொங்கவிடுங்கள்.